தூண் எழுந்த பிறகு என்ன நடக்கிறது?

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பேருந்து ஓட்டுபவர் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் ஹாரன் அடிக்கிறார், கியரைக் குறைக்கிறார், எதிரே வண்டி இறங்குகிறதா என்று பார்த்துத் திருப்புகிறார். எல்லா மலைச்சாலைகளிலும் போலவே, இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிடுகிறது. இந்த ஒழுங்கு முழுவதும் ஒரே விதியில் அடங்கிவிடும்: கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும்.

இதே விதியை ஒரு நகர ரயிலுக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னை மெட்ரோவின் அதிகபட்ச இயக்க வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 22 மீட்டர். நின்றுகொண்டு பயணம் செய்பவர்கள் தடுமாறாதபடி சீராக பிரேக் பிடித்தால், ரயில் நிற்க ஏறக்குறைய 22 நொடியும் 250 மீட்டரும் ஆகும். எஃகுச் சக்கரத்துக்கு எஃகுத் தண்டவாளத்தில் கிடைக்கும் பிடிமானம், தார்ச்சாலையில் ரப்பர் டயருக்குக் கிடைப்பதில் சிறு பங்குதான். சுரங்கம் வளையும் இடத்தில் 250 மீட்டர் தூரம் யார் கண்ணுக்கும் தெரியாது. கண்ணை நம்பி மெட்ரோ ரயிலை ஓட்டினால் மலையேறும் பேருந்தின் வேகத்தில்தான் ஓட்டலாம். நகரத்துக்கு அது போதாது.

அதனால் நகர ரயில், பார்க்கும் வேலையை மனிதக் கண்ணிடமிருந்து எடுத்து வேறு பலவற்றிடம் பிரித்துக் கொடுக்கிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாதவரம்–சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் என்று மூன்று வழித்தடங்கள். மொத்தம் 118 கிலோமீட்டருக்கு மேல். 63,246 கோடி ரூபாய்த் திட்டம். இதில் ஓடப்போகிறவை ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் திறன் கொண்ட ரயில்கள்.

ஆற்காடு சாலையில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை இரண்டு வழித்தடங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, இரட்டை அடுக்குப் பாலமாகப் போகின்றன. பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: “தூண் எழும்பி இத்தனை நாளாச்சு, பாலமும் போட்டாச்சு, ரயில் விட ஏன் இன்னும் தாமதம்?” நியாயமான கேள்வி. அதற்கான பதில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பாலமும் சுரங்கமும் முடிந்த பிறகுதான் ரயில்வேயின் மிகக் கடினமான வேலை உச்சத்துக்கு வருகிறது. தனித்தனியாகச் செய்த பொருள்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் வேலை அது.

66 உறவுகள்

ஒரு மெட்ரோவில் என்னென்ன அமைப்புகள் உண்டு என்று எண்ணுவோம். ரயில் பெட்டிகள், சிக்னலிங், தண்டவாளம், மேலே ஓடும் மின்கம்பி, ரேடியோ, நடைமேடைத் தடுப்புக் கதவுகள், சுரங்கக் காற்றோட்டம், தீ எச்சரிக்கை, டிக்கெட் வாயில்கள், லிஃப்ட்–எஸ்கலேட்டர், அறிவிப்புப் பலகையும் கேமராவும், இவை அனைத்தையும் கவனிக்கும் கட்டுப்பாட்டு மையம். மொத்தம் 12.

பன்னிரண்டில் எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றுக்கிடையே ஓர் உறவு இருக்கக்கூடும். 12 பேர் ஒருவரோடொருவர் கைகுலுக்கினால் 66 கைகுலுக்கல், அதே கணக்கு. சில ஜோடிகளுக்குள் பேச்சே இருக்காது. டிக்கெட் வாயிலுக்கும் தண்டவாளத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. சில ஜோடிகளுக்குள் நூற்றுக்கணக்கான செய்திகள் ஓடும். ஒவ்வொரு ஜோடியையும் கட்டம் போட்டு எழுதி, யார் யாருக்கு என்ன செய்தி அனுப்ப வேண்டும், எந்தக் கேபிளில், எந்த வடிவத்தில், எத்தனை மில்லி நொடிக்குள், பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஆவணம் உண்டு. ஒரு மெட்ரோ உண்மையில் முதலில் கட்டப்படுவது இந்தக் காகிதங்களில்தான்.

இதில் சிக்கல் என்னவென்றால், இந்த அமைப்புகளை ஒரே நிறுவனம் செய்வதில்லை. சென்னையின் இரண்டாம் கட்டத்துக்கு மூன்று பெட்டி கொண்ட 26 ரயில்களைச் செய்துதரும் பொறுப்பு 2022இல் ஆல்ஸ்டோம் நிறுவனத்துக்குப் போனது. ஆந்திரத்தில், நம் எல்லையை ஒட்டியுள்ள ஸ்ரீசிட்டியில் அதன் தொழிற்சாலை இருக்கிறது. 2024இல் இன்னும் 210 பெட்டிகளுக்கான ஒப்பந்தம் பெங்களூரின் பி.இ.எம்.எல். நிறுவனத்துக்குக் கிடைத்தது. இந்த ரயில்களை வழிநடத்தும் சிக்னலிங் ஹிட்டாச்சியுடையது. முதல் கட்டத்திலும் ரயில் ஆல்ஸ்டோம், சிக்னலிங் சீமென்ஸ் என்றுதான் இருந்தது.

ஒவ்வொரு நிறுவனமும் தன் பொருளைத் தன் ஆலையிலேயே சோதித்து, ‘சரியாக இயங்குகிறது’ என்று சான்றிதழோடு அனுப்புகிறது. சான்றிதழ் உண்மையானதுதான். ஆனால் சரியாக இயங்கும் பன்னிரண்டு பொருள்களைச் சேர்த்தால் சரியாக இயங்கும் ஒரு ரயில்வே தானாக வந்துவிடாது. பிழை ஒளிந்திருப்பது பெரும்பாலும் எந்தப் பொருளிலும் இல்லை. இரண்டு பொருள்களுக்கு நடுவிலுள்ள எல்லைக்கோட்டில்.

ரயில் எங்கே இருக்கிறது?

இதைவிட எளிய கேள்வி இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் நகர ரயிலின் பாதுகாப்பு முழுவதும் இந்தக் கேள்விக்கான விடையில்தான் தொங்குகிறது. சுரங்கத்துக்குள் செயற்கைக்கோள் எட்டாது. ரயில் தன் இருப்பிடத்தைத் தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வழி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுவது. புதுச் சக்கரத்தின் விட்டம் 860 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ரயில் 2.70 மீட்டர் நகரும். ஓடி ஓடி, கடைந்து கடைந்து அந்தச் சக்கரம் 780 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால், ஒரு சுற்றுக்கு 2.45 மீட்டர்தான். கணினிக்குச் சக்கரம் தேய்ந்தது தெரியாவிட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 90 மீட்டருக்கு மேல் கணக்கு தவறும். மூன்று பெட்டி ரயிலின் நீளத்தைவிட அது அதிகம். மழை நாளில் மேம்பாலப் பாதையில் சக்கரம் வழுக்கினால் இன்னொரு பிழை சேரும்: ரயில் நகராமலே சக்கரம் சுற்றும், அல்லது சக்கரம் பிடிபட்டு நிற்க, ரயில் சறுக்கிக்கொண்டு போகும்.

இந்தப் பிழையைத் திருத்தத் தண்டவாளங்களுக்கு நடுவே சிறு பலகைகள் பதிக்கப்படுகின்றன. இவற்றுக்கு பேலிஸ் என்று பெயர். பெரும்பாலானவற்றுக்கு மின் இணைப்பே கிடையாது. ரயிலின் அடியிலுள்ள ஆன்டெனா மேலே கடக்கும்போது அது அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு, தன் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடங்கிவிடும். அந்த எண் பாதையில் எந்த இடத்துக்குரியது என்பது ரயிலின் வரைபடத்தில் இருக்கிறது. உடனே ரயில் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. அடுத்த பேலிஸ் வரும்வரை பிழை மெல்ல மெல்ல வளரும். அங்கே மீண்டும் சுருங்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் சிந்தனை இருக்கிறது. ‘நான் இந்தப் புள்ளியில் இருக்கிறேன்’ என்று ரயில் சொல்வதில்லை. ‘என் தலை இதற்கு மேல் முன்னால் இருக்க முடியாது, என் வால் இதற்கு மேல் பின்னால் இருக்க முடியாது’ என்று சொல்கிறது. தனக்குத் தெரியாததன் அளவையும் சேர்த்தே அறிவிக்கிறது. பாதையோரக் கணினி இந்தச் செய்திகளை ரேடியோவில் வாங்கி, பின்னால் வரும் ரயிலுக்கு ‘முன்ரயிலின் வால் இருக்கக்கூடிய கடைசி இடம் இது, அதற்கு முன் நிற்க முடிகிற வேகத்தில் வா’ என்று அனுமதி கொடுக்கிறது. முன்ரயில் நகர நகர இந்த அனுமதியும் நகரும். பழைய முறையில் பாதையை நிலையான துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு ஒரு ரயில் என்று வைத்திருந்தார்கள். இந்தப் புதிய முறையில் பாதுகாப்பு இடைவெளி ரயிலோடு கூடவே பயணம் செய்கிறது. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்ற கனவு இதனால்தான் சாத்தியமாகிறது.

ரேடியோ சில நொடி அறுந்தால்? பேலிஸ் ஒன்று பதில் சொல்லாவிட்டால்? எல்லாவற்றுக்கும் விடை ஒன்றே: தெரியவில்லை என்றால் நில். கொல்லிமலை ஓட்டுநரின் விதிதான். பார்க்கும் கண் மட்டும் மாறியிருக்கிறது.

இரண்டு கதவுகளுக்கு நடுவில்

நடைமேடைத் தடுப்புக் கதவு உள்ள நிலையத்தில் ரயில் வந்து நிற்கும் அந்த அரை நிமிடத்தைச் சற்றுக் கூர்ந்து பார்ப்போம்.

ரயில் தன் கதவுகள் நடைமேடைக் கதவுகளுக்கு நேராக வரும்படி நிற்க வேண்டும். பெரும்பாலான மெட்ரோக்களில் முன்னும் பின்னும் 30 முதல் 50 சென்டிமீட்டர்தான் சலுகை. நின்றதும் ரயிலிலுள்ள சிக்னலிங் கணினி இரண்டு விஷயங்களை உறுதி செய்கிறது: வேகம் பூஜ்யம், இடம் சரி. அடுத்து எந்தப் பக்கம் நடைமேடை என்று பார்க்கிறது. தவறான பக்கம் திறந்தால் எதிர்த் தண்டவாளத்தில் விழ வேண்டியதுதான். அதன் பிறகு ஒரு நிறுவனத்தின் கணினி ரேடியோ வழியே பாதையோரத்துக்குச் சொல்ல, அது இன்னொரு நிறுவனத்தின் கதவுப் பெட்டிக்குச் சொல்ல, மூன்றாவது நிறுவனத்தின் ரயில் கதவும் கூடவே திறக்கிறது. பயணிக்கு இவை ஒரே கதவாகத் தெரிகின்றன.

மூடும்போது கவனம் இன்னும் கூட வேண்டும். எல்லா நடைமேடைக் கதவுகளின் பூட்டுகள் வழியாகவும் ஒரு மின்சுற்று ஓடுகிறது. ஒரே ஒரு கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தாலும் சுற்று அறுந்துவிடும். ரயிலுக்குப் புறப்பட அனுமதி கிடைக்காது. ரயிலின் கதவுகளுக்கும் இதே போன்று தனிச் சுற்று உண்டு. இரண்டு சுற்றுகளும் முழுமையாக இருந்தால்தான் சக்கரம் சுழலும்.

இவ்வளவு இருந்தும் 2014 நவம்பர் 6 அன்று பெய்ஜிங் மெட்ரோவில் ஒரு பெண் உயிரிழந்தார். நெரிசல் நேரத்தில் ஏற முயன்ற அவர், ரயில் கதவுக்கும் நடைமேடைக் கதவுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டார். இரண்டு கதவுகளும் மூடிவிட்டன. ரயில் நகர்ந்துவிட்டது. இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள அந்தக் குறுகிய இடம் யாருடைய பொறுப்பு என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. ஆகவேதான் புதிய பாதைகளில் அந்த இடைவெளியின் அகலத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். அங்கே ஒளிக்கற்றை உணரிகளைப் பொருத்துகிறார்கள். கதவுக்குக் கதவு சோதனைக் கட்டையை இடையில் வைத்து, கதவு அதை உணர்ந்து திரும்பத் திறக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு நிலையத்தின் ஒரு கதவில் சரியாக இருந்தது போதாது. எல்லா நிலையத்திலும் எல்லாக் கதவிலும், எல்லா ரயிலோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாட்கள் போவது இப்படித்தான்.

தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம்

சென்னை மெட்ரோவின் ரயில்களுக்கு 25,000 வோல்ட் மாறுமின்சாரம் மேலே ஓடும் கம்பியிலிருந்து வருகிறது. மோட்டாரைச் சுழற்றிய பிறகு அந்த மின்சாரம் எங்கே போகிறது? சக்கரங்கள் வழியே தண்டவாளத்தில் இறங்கி, துணைமின் நிலையத்துக்குத் திரும்புகிறது. அதாவது நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் அதே தண்டவாளத்தின் பக்கத்தில்தான், சக்கரம் கடந்ததா என்று மெல்லிய காந்தப்புலத்தால் உணரும் அச்சு எண்ணிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒரு துண்டுப் பாதைக்குள் எத்தனை அச்சுகள் நுழைந்தன, எத்தனை வெளியேறின என்று இவை எண்ணுகின்றன. உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமானால்தான் அந்தத் துண்டு காலி.

ரயிலின் மோட்டாரை இயக்கும் மின்னணுக் கருவிகள் மின்சாரத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வெட்டி ஒட்டுகின்றன. அதில் பிறக்கும் தேவையற்ற அதிர்வெண்கள் தண்டவாளத்தில் கலக்கின்றன. அவற்றில் ஒன்று எண்ணியின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால், இல்லாத சக்கரத்தை எண்ணிவிடலாம். மோசமான நிலையில், இருக்கும் சக்கரத்தை விட்டுவிடலாம். ரயில் செய்தவருக்கு ரயில் நன்றாக ஓடுகிறது. எண்ணி செய்தவருக்கு எண்ணி நன்றாக எண்ணுகிறது. இருவரும் ஒரே தண்டவாளத்தில் சந்திக்கும் வரை இந்தப் பகை தெரியாது. ஆகவே ரயிலை முழு வேகத்தில் முடுக்கி, கடுமையாக பிரேக் பிடித்து, ஒரு மோட்டாரை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் தண்டவாளத்தில் என்னென்ன அதிர்வெண்கள் ஓடுகின்றன என்று பதிவு செய்கிறார்கள்.

பிரேக் பிடிக்கும்போது மோட்டார்களே மின்னாக்கிகளாகி, மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன. பக்கத்தில் புறப்படும் இன்னொரு ரயில் அதை எடுத்துக்கொள்ளும். தில்லி மெட்ரோ இப்படி மிச்சப்படுத்திய ஆற்றலுக்காக 2007இல் ஐ.நா.வின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் பதிவு பெற்றது. ஆனால் இதுவும் ஓர் இணைப்புப் பிரச்சினைதான்: திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளக் கம்பி தயாராக இல்லை என்றால், அந்தக் கணமே காற்று பிரேக் பொறுப்பை ஏற்க வேண்டும். பயணிக்கு அது தெரியக்கூடக் கூடாது.

புகை எந்தப் பக்கம் போக வேண்டும்?

எல்லா அமைப்புகளும் ஒரே நேரத்தில் ஒத்துழைத்தாக வேண்டிய தருணம், சுரங்கத்துக்குள் ரயிலில் தீப்பிடிக்கும் தருணம்.

முதல் விதி, முடிந்தால் ரயில் அடுத்த நிலையம் வரை போய்விட வேண்டும். முடியாமல் நடுவில் நின்றுவிட்டால் இரண்டு நிலையங்களின் முனையிலும் உள்ள பெரிய விசிறிகள் வேலையைத் தொடங்குகின்றன. ஒன்று காற்றைத் தள்ளும். எதிர்முனையில் உள்ளது இழுக்கும். சுரங்கம் முழுவதும் ஒரே திசையில் காற்று ஓடும். புகை அந்தத் திசையில் போகும்; மக்கள் எதிர்த்திசையில், முகத்தில் புதுக்காற்று படும்படி நடக்க வேண்டும். காற்றின் வேகம் குறைந்தால் சூடான புகை கூரையை ஒட்டி எதிர்த்திசையில் ஊர்ந்து மக்களின் தலைக்கு மேல் வந்துவிடும். அதைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தைச் சுரங்கத்தின் குறுக்களவையும் தீயின் அளவையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

எந்தத் திசை என்பதை யார் முடிவு செய்வது? தீ ரயிலின் தலையில் இருந்தால் ஒரு திசை, வாலில் இருந்தால் மறு திசை. எந்தப் பெட்டி என்று ரயில் சொல்ல வேண்டும். ரயில் எங்கே நிற்கிறது என்று சிக்னலிங் சொல்ல வேண்டும். விசிறிக்கு மின்சாரம் இருக்க வேண்டும். ஆனால் மக்கள் இறங்கி நடக்கப்போகும் இடத்தில் மேல்கம்பியின் 25,000 வோல்ட் அணைந்திருக்க வேண்டும். அறிவிப்பு ஒலிபெருக்கி மக்களைச் சரியான திசைக்கு அனுப்ப வேண்டும். பக்கத்துச் சுரங்கத்துக்குப் போகும் குறுக்கு வழிகள் 244 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்பது பல நாடுகள் பின்பற்றும் நெறி. மக்கள் அந்த வழியே போகும்போது பக்கத்துச் சுரங்கத்தில் ரயில் வந்துவிடக் கூடாது. அதையும் சிக்னலிங்தான் தடுக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தீப்பிடித்த ரயிலுக்குப் பின்னால் அதே சுரங்கத்தில் மற்றொரு ரயில் நின்றுகொண்டிருந்தால்? எந்தப் பக்கம் காற்றைச் செலுத்தினாலும் யாரோ ஒருவர் புகையில் மாட்டுவார். ஆகவே ஒரு காற்றோட்டப் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் என்ற கட்டுப்பாட்டை ஆரம்பத்திலேயே சிக்னலிங்கில் எழுதிவைக்கிறார்கள். விசிறிக்கான தண்டு எந்த இடத்தில் தோண்டப்படுகிறது என்பது, பத்தாண்டு கழித்து எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் விட முடியும் என்பதை நிர்ணயிக்கிறது. தரையைத் தோண்டுகிறவரும் மென்பொருள் எழுதுகிறவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியது இதனால்தான்.

பதினோராயிரம் ஆண்டுக் கேள்வி

ரயில் சிக்னலிங்குக்கு உலகம் வகுத்திருக்கும் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரம் ஒன்று உண்டு. ஒரு பாதுகாப்புச் செயல்பாடு ஆபத்தான முறையில் தவறுவது 10 கோடி மணி நேரத்தில் ஒரு முறைக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. 10 கோடி மணி நேரம் என்பது 11,400 ஆண்டுகளுக்கும் மேல். ஓர் ஆண்டு முழுவதும் இரவு பகலாகச் சோதித்தாலும் 8,760 மணி நேரம்தான் ஆகும். அப்படியானால் இந்தத் தரத்தைச் சோதனையால் மட்டும் நிரூபிக்கவே முடியாது.

பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். பழுதே வராத பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு, பழுது வந்தால் அது பாதுகாப்பான பக்கம் சாயும்படி வடிவமைத்தார்கள். 1872இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் உருவாக்கிய தானியங்கிக் காற்று பிரேக் இதற்கு முன்னோடி. குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். அதாவது ரயில் ஓடுவதற்குத்தான் முயற்சி தேவை. நிற்பதற்கு எதுவும் தேவையில்லை. இன்றைய கணினிகளிலும் இதே அறிவு வேலை செய்கிறது. மூன்று கணினிகள் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடுகின்றன. இரண்டாவது ஒன்று ஒத்துக்கொள்ளாமல் எந்த விடையும் வெளியே போகாது. மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால், ரயில் நிற்கும்.

இவ்வளவையும் அடுக்கி, ‘இந்த ரயில்வே பாதுகாப்பானது என்று நாங்கள் நம்புவதற்கான காரணங்கள் இவை’ என்று ஒரு வாதம் எழுத வேண்டும். ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சோதனை, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு முடிவு. திட்டத்தில் பங்கில்லாத தனி மதிப்பீட்டாளர் அதைப் படித்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும்.

மணல் மூட்டைகள் பயணம் செய்யும் ரயில்

சோதனை படிப்படியாக வருகிறது. முதலில் தொழிற்சாலையில் தனித்தனிப் பொருள். பிறகு பொருத்திய இடத்தில் தனித்தனிப் பொருள். அதன் பின் இரண்டிரண்டாகச் சேர்த்து. கடைசியாக எல்லாம் சேர்ந்து, பயணிகள் இல்லாமல், உண்மையான கால அட்டவணைப்படி.

ரயில் ஓடும் முன்பே, ரயிலின் வெளி உருவத்தை ஒத்த சட்டம் ஒன்றைத் தள்ளுவண்டியில் வைத்துப் பாதை முழுவதும் கொண்டுபோய், எங்காவது உரசுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ரயில் மெதுவாக வரும். சென்னையில் இரண்டாம் கட்டத்தின் முதல் ரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்குள்ளேயே ஓடிப் பார்த்தது. 2025 மார்ச் 20 அன்று பூந்தமல்லியிலிருந்து முல்லைத் தோட்டம் வரை முதல் முறையாக மேம்பாலப் பாதையில் ஏறியது. அடுத்து சோதனை ஓட்டம் போரூர் வரை நீண்டது.

லக்னோவிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனமான ஆர்.டி.எஸ்.ஓ. நடத்தும் அதிர்வுச் சோதனை தனி ரகம். நிரம்பி வழியும் காலை நேரக் கூட்டத்தின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கி, உணரிகள் பொருத்தி, வெவ்வேறு வேகத்தில் ஓட்டுகிறார்கள். காலிப் பெட்டியிலும் நிறைந்த பெட்டியிலும் ரயில் எப்படி ஆடுகிறது, எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளக்கிறார்கள். பயணிகள் உட்காரப்போகும் இடத்தில் முதலில் பயணம் செய்வது மணல்தான்.

முடிவில் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் வருகிறார். 2002ஆம் ஆண்டு மெட்ரோ ரயில்வே சட்டப்படி, அவர் பார்த்துத் திருப்தி அடைந்த பிறகே பயணிகளை ஏற்ற முடியும். அவர் சார்ந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழே இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழே இருக்கிறது. ரயில் ஓட்டுபவரே தன் ரயிலுக்கு நற்சான்று கொடுத்துக்கொள்ளக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் தெரிகிறது. சென்னையில் கோயம்பேடு–ஆலந்தூர் 2015 ஜூன் 29இலும், திருமங்கலம்–நேரு பூங்கா சுரங்கப் பாதை 2017 மே 14இலும், முதல் கட்டத்தின் கடைசிப் பகுதி 2019 பிப்ரவரி 10இலும் திறக்கப்பட்டன. ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக இந்த வாசலைக் கடந்தே மக்களிடம் வந்தது.

இணைப்பில் தவறினால்

2017 நவம்பர் 15 காலை, சிங்கப்பூரின் ஜூ கூன் நிலையத்தில் நின்றிருந்த ரயில் மீது பின்னால் வந்த ரயில் மோதியது. 38 பேர் காயமடைந்தனர். அப்போது அந்தத் தடம் பழைய சிக்னலிங்கிலிருந்து புதியதற்கு மாறிக்கொண்டிருந்தது. புதிய முறைக்கு இன்னும் மாற்றப்படாத, பழுதுபட்ட ஒரு பழைய சுற்றைக் கடந்தபோது, முதல் ரயிலைச் சுற்றியிருந்த மென்பொருள் பாதுகாப்பு அம்சம் ஒன்று நீங்கிவிட்டது. பின்ரயில் 10.7 மீட்டர் பின்னால் வந்து ஒழுங்காக நின்றது. ஆனால் ஆறு பெட்டி கொண்ட முன்ரயிலை, அமைப்பு மூன்று பெட்டி ரயில் என்று தவறாக எடுத்துக்கொண்டது. இடம் இருக்கிறது என்று பின்ரயில் நகர்ந்தது. பழையதும் புதியதும் சந்தித்த இடத்தில்தான் தவறு நடந்தது.

2019 மார்ச் 18 விடியற்காலை ஹாங்காங்கில் புதிய சிக்னலிங்கைச் சோதித்தபோது இரண்டு ரயில்கள் மோதின. முதன்மைக் கணினியும் முதல் மாற்றும் நின்றுபோனால் மூன்றாவது எடுத்து நடத்துமா என்பது சோதனை. அது எடுத்து நடத்தியது. ஆனால் தடங்கள் குறுக்கே வெட்டும் ஓரிடத்தின் தகவல் அதற்கு வந்து சேரவே இல்லை. ரயில்களில் பயணிகள் யாரும் இல்லை. சோதனை செய்ததால்தான் அந்தப் பிழை காலை நேரக் கூட்டத்துக்கு முன் வெளியே வந்தது.

லண்டனின் எலிசபெத் தடம் இன்னொரு பாடம். சுரங்கம் தோண்டும் வேலை 2015லேயே முடிந்தது. 2018 டிசம்பரில் திறப்பு என்று அறிவித்திருந்தார்கள். மூன்று மாதம் இருக்கும்போது முடியாது என்றார்கள். ஒரே ரயில் மூன்று வகைச் சிக்னலிங்கைக் கடந்து ஓட வேண்டியிருந்தது. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து நம்பிக்கைக்கு உரியதாக்குவதே பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் 2022 மே 24 அன்றுதான் மத்தியப் பகுதி திறந்தது. பூமியைக் குடைவதைவிடப் பொருள்களைப் பேச வைப்பது கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் நாட்டிலேயே பொறுமைக்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. தில்லியின் மெஜந்தா தடம் 2017 டிசம்பர் 25 அன்று திறக்கப்பட்டது. ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் திறன் அந்த ரயில்களுக்கு இருந்தும், மூன்றாண்டுகள் ஆள் வைத்தே ஓட்டினார்கள். 2020 டிசம்பர் 28 அன்றுதான் இந்தியாவின் முதல் ஓட்டுநர் இல்லா மெட்ரோ ஓடத் தொடங்கியது.

நாம் கேட்க வேண்டியது

சென்னையைத் தொடர்ந்து கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வர வேண்டும். அந்தப் பேச்சில் தூண்களின் எண்ணிக்கையும் திறப்பு விழாத் தேதியும் மட்டுமே இருந்தால், நாம் பாதியைத்தான் கேட்கிறோம். கட்டுமானம் தாமதமாகும்போதெல்லாம் முதலில் சுருங்குவது கடைசியில் நிற்கும் சோதனைக் காலம்தான். தேதியை மாற்றாமல் சோதனை நாட்களைக் குறைப்பது எளிது. அதன் விலையைப் பயணி பின்னால் கொடுக்கிறார்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ரயில் எப்போது ஓடும்?’ என்று கேளுங்கள். கூடவே ‘ஒருங்கிணைந்த சோதனைக்கு எத்தனை மாதம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதில் என்ன பிழைகள் கண்டுபிடித்தீர்கள், எதைத் திருத்தினீர்கள்?’ என்றும் கேளுங்கள். சோதனை முடியவில்லை என்பதற்காகத் திறப்பு ஒரு மாதம் தள்ளிப்போனால், அதைத் தோல்வி என்று எழுதாதீர்கள், பேசாதீர்கள். அந்த மாதம் நமக்காகச் செலவாகும் மாதம்.